வைரவன் கடையின் காலி டப்பாக்கள்

வைரவனை மோசடிக்காரன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். பாண்டி பஜார் பக்கத்தில் எங்கள் காம்ப்ளெக்ஸில் இன்றைக்கும் ஒன்றிரண்டு பேர் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வீடியோ கேம் கேசட் தருகிறேன் என்று ஊரெல்லாம் அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஒருநாள் கடையைக் காலி செய்துகொண்டு போனவனாம். அந்த வாய்களுக்கு என்ன தெரியும்? மாடிப்படிக்குக் கீழே அவன் கடை. அதை ஒட்டி என் எஸ்.டி.டி. பூத். நடுவில் ஒரு பலகைச் சுவர், அவ்வளவுதான். அவன் தும்மினால்கூட எனக்குக் கேட்கும். நடந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இனியும் சொல்லாமல் வைத்திருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்.

என் பெயர் பாஞ்சாலி. சைதாப்பேட்டைக்காரி. சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. அந்தக் கோட்டாவில்தான் பூத் கிடைத்தது. "காலுக்குப் போவேண்டிய சத்தெல்லாம் வாய்க்குப் போய்க்கீதுக்கா" என்று வைரவன் கிண்டல் செய்வான். வேறு யாராவது சொல்லியிருந்தால் செருப்பு பறந்திருக்கும். அவன் சொன்னால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அவன் கே.கே. நகர் ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவன். பத்தாவதோடு படிப்பை விட்டு, சைதாப்பேட்டையில் ஒரு கடையில் டிவி மெக்கானிக்காக இருந்தான். தொண்ணூற்றொன்றில் யாரோ ஒரு மெஷினை ரிப்பேருக்குக் கொண்டுவந்து போட்டார்கள். டிவியோடு மாட்டி விளையாடுகிற மெஷின். அரை மணியில் சரிசெய்துவிட்டான். ஓடுகிறதா என்று பார்க்க உட்கார்ந்தவன் சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லையாம். முதலாளி வந்து கத்தியதும் வேலையை விட்டுவிட்டு, இருந்ததையெல்லாம் புரட்டி தி.நகரில் இந்த எட்டடிக் கடையைப் பிடித்தான். அப்போது அவனுக்கு முப்பது வயது. அவன் மனைவி தமிழ்நிலா ஒருநாள் சாப்பாட்டு கேரியரோடு வந்தவள், "ஆம்பளைக்கு ஆசப்பட வேற எதுவுமே கெடைக்கலியாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். அப்போது சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

கடை ஓடியது. பழைய கேசட்டைக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்தால் வேறு கேசட் மாற்றித் தருவான். அடையாறிலிருந்தும் மயிலாப்பூரிலிருந்தும் கல்லூரிப் பையன்கள் வருவார்கள், அவர்களைவிடப் பெரியவர்களும் வருவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் காம்ப்ளெக்ஸில் ஈ, காக்கா இருக்காது. அந்த நேரத்தில் நான் பூத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவன் கடையில் போய் உட்காருவேன். சண்டை போடுகிற ஆட்டம் ஒன்று இருந்தது. அதில் உதைத்தே எல்லோரையும் சாய்க்கிற பெண் ஒருத்தி. நான் எப்போதும் அவளைத்தான் எடுப்பேன். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

தொண்ணூற்றைந்தில் அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று யாரோ வெளிநாட்டுப் பத்திரிகையைக் காட்ட, பையன்களுக்குப் பித்துப் பிடித்தது. மவுண்ட் ரோடில் பெரிய கடைக்காரர்களிடம் முதல் இருந்தது, இறக்கிவிடுவார்கள். வைரவனிடம் எங்கே இருந்தது? அதனால் அட்வான்ஸ் முறை. ஐந்நூறு ரூபாய் முதலில் கொடுத்தால் தீபாவளிக்கு முதல் கேசட் உனக்கு. கொடுக்காதவன் வந்தால் வரட்டும், இருந்தால் உண்டு.

அதில் அவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். பணம் கொடுத்தவுடனே ஒரு காலி கேசட் டப்பாவை எடுத்து, வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, அழகான எழுத்தில் பெயர் எழுதி, ஷெல்ஃபில் வைத்துவிடுவான். "உன் டப்பா வந்துடுச்சு நைனா, உள்ள சரக்குதான் பாக்கி" என்பான். சமையல் கேஸுக்கும் போனுக்கும் ஸ்கூட்டருக்கும் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கிடந்த ஜனங்கள்தானே நாம். தன் பெயர் ஷெல்ஃபில் இருக்கிறது என்பதே பாதி கிடைத்த மாதிரி. சும்மா போகிற வழியில்கூட உள்ளே வந்து தன் டப்பாவைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நானும் ஐந்நூறு கொடுத்தேன். என் வீட்டில் மெஷின் ஏது? கேசட் அவன் கடையிலேயே இருக்கும், மத்தியானத்தில் வந்து ஆடிக்கொள்கிறேன் என்றேன். "பாஞ்சாலிக்கா" என்று எழுதி மேல்வரிசையில் வைத்தான். மொத்தம் முப்பத்தொரு டப்பா.

மயிலாப்பூர் கல்யாணராமன் மட்டும் தகராறு செய்தார். பேங்க் ஆபீசர். பிள்ளைக்காக வந்தவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஷெல்ஃபைப் பார்த்தார்.

"ஏன்பா, சாமானே இன்னும் வரலை. அதுக்குள்ள எதுக்குப் பணம்? நன்னாருக்கா இல்லையான்னு யார் பார்த்தா?"

"சார், நீங்க குடுத்தாத்தான் நான் வரவைக்க முடியும்."

"அப்போ உன் வியாபாரத்துக்கு நான் கடன் குடுக்கறேன்னு சொல்லு. ஆத்துல பையன் உசிரை வாங்கறான், அதுக்காகத் தரேன். வரலைன்னா பணம் அப்படியே திரும்பி வரணும்."

"வரும் சார். அது என் பொறுப்பு" என்றான் வைரவன். அந்தப் பேச்சுக்குத்தான் அவன் கடை போனது.

சிங்கப்பூரில் இருந்த ஹபீபுர் ரஹ்மான் என்பவர்தான் அவனுக்குச் சரக்கு அனுப்புகிறவர். நல்ல மனிதர். வாங்கிய அட்வான்ஸ் மொத்தத்தையும், தமிழ்நிலாவின் வளையல் அடகுப் பணத்தையும் சேர்த்து அவருக்கு அனுப்பிவிட்டான். இனி எத்தனை வேண்டும், எந்த மாதிரி வேண்டும் என்று போனில் சொல்ல வேண்டியதுதான் மிச்சம்.

இங்கேதான் நான் வருகிறேன்.

அதற்கு முந்தின நாள் ஒரு தடிமாடு துபாய்க்கு முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, பர்ஸை வண்டியில் விட்டுவிட்டேன், எடுத்து வருகிறேன் என்று போனான். போனவன் போனவன்தான். முழுப் பணத்தையும் நான் கட்டவேண்டிய நிலை. அழுகையும் ஆத்திரமுமாக இருந்தேன். வைரவன்தான் அட்டை ஒன்றை வெட்டி எடுத்துவந்து, "இனிமே இப்டி வெய்யிக்கா" என்று தன் கையாலேயே ஒரு போர்டு எழுதி மாட்டினான். காசு முதலில், பேச்சு பிறகு. ஆளைப் பார்க்காதே, அழுதாலும் பார்க்காதே என்று எனக்குப் புத்தியும் சொன்னான். பணத்தை மேஜையில் வைக்க வேண்டும், அந்தத் தொகைக்கு மீட்டர் வந்ததும் நான் போன் கூண்டின் கண்ணாடியில் ஒரு ரூபாய்க் காசால் தட்டுவேன். தட்டினால் போனை வைத்துவிட வேண்டும்.

மறுநாளே சிங்கப்பூருக்குப் பேச வந்தான். மேஜையில் இருநூறு ரூபாய் வைத்தான். நிமிஷத்துக்கு அறுபதுக்கு மேல் ஓடும் அந்த நாளில். "இதான் கீதுக்கா, சீக்கிரம் முடிச்சுடறேன்" என்று கூண்டுக்குள் போனான். லைன் கிடைத்து, நலம் விசாரித்து, எண்ணிக்கை சொல்லி முடிப்பதற்குள் மீட்டர் இருநூறை நெருங்கிவிட்டது. கூண்டுக் கதவு சரியாகச் சாத்தாது. பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும்.

"இன்னா பாய்? ரெண்டு விதமா? இரு, இரு, எந்த விதம்னு..."

நான் தட்டினேன்.

திரும்பிப் பார்த்தான். ஒரு விரலைக் காட்டினான், ஒரே ஒரு நிமிஷம். வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். எனக்கு இன்னும் அந்தத் துபாய்க்காரன் முகம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. பக்கத்துக் கடைக்காரன், ஓடியா போகப்போகிறான்? சாயங்காலம் கொடுத்திருப்பான். அந்தப் புத்தி எனக்கு எங்கே போனது! இரண்டாம் தடவை இன்னும் பலமாகத் தட்டினேன்.

"சரி பாய், நல்ல சரக்கா பாத்து அனுப்பு" என்று வைத்துவிட்டான். வெளியே வந்து, "இன்னாக்கா, மொத போணி எனக்கேவா?" என்று சிரித்தான். போர்டைக் காட்டினேன். நானும் சிரித்தேன்.

தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால் சரக்கு வந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஆள் கொண்டுவந்து கொடுத்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அடையாறு சாய்நாத், என்ஜினியரிங் படிக்கிற பையன், தகவல் தெரிந்து முழுக்க நனைந்துகொண்டு முதல் ஆளாக வந்துவிட்டான். வைரவன் பெட்டியைப் பிரித்து, ஒரு கேசட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மெஷினில் செருகினான். நானும் கதவருகில் நின்றிருந்தேன்.

டிவி கறுப்பாகியது. நாலு வரி இங்கிலீஷ் வந்தது. அப்படியே நின்றது.

எடுத்து ஊதிவிட்டு மறுபடி போட்டான். வேறு கேசட் போட்டான். பத்து கேசட் போட்டான். அதே நாலு வரி. சாய்நாத்தான் படித்துச் சொன்னான்: "அண்ணே, இது அமெரிக்கா மெஷினுக்கான கேசட். நம்ம மெஷின்ல போட்டா லாக் ஆயிடும்னு போட்டுருக்கு. இதே ஆட்டம் நம்ம மெஷினுக்கும் தனியா வருது. கேட்டு வாங்கலியா?"

வைரவன் கேசட்டை உருவிப் பெட்டியில் திருப்பி வைத்தான். ரஹ்மான் பாய் கேட்ட இரண்டு விதம் எது என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது.

அவன் நினைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். கேட்ட ஆட்டம் இதுதான், எடுத்துக்கொண்டு போ என்று தலையில் கட்டியிருக்கலாம். விற்ற பொருள் வாபஸ் இல்லை என்று இந்த பஜாரில் எந்தக் கடையில் போர்டு இல்லை? சாய்நாத்கூட, "பாதி குடுங்கண்ணே, போதும், உங்க மேல தப்பில்ல" என்றான். வைரவன் முழுதாகக் கொடுத்தான். முதலில் டிவியை விற்றான், அப்புறம் மெஷின்களை, மாற்று கேசட்டுகளை. ஓடாத கேசட்டுகளை பர்மா பஜாரில் அடிமாட்டு விலைக்குத் தள்ளினான். ஒவ்வொருத்தருக்கும் பணம் கொடுத்துவிட்டு அவர் பெயர் இருந்த பிளாஸ்டரை நகத்தால் சுரண்டி எடுப்பான். ஷெல்ஃபில் வெற்று டப்பாக்கள் அதிகமாகிக்கொண்டே வந்தன. கல்யாணராமன் வந்து எண்ணி வாங்கிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேனோல்லியோ?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மனுஷனைக் கன்னாபின்னா என்று திட்டிவிட்டேன். அவர் என்ன தப்பு செய்தார்? தப்பு செய்தவள் திட்டிக்கொண்டிருந்தேன்.

வராத பொருளுக்கு முன்பணம் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், கல்யாணராமன் சொன்னதுதான் சரி. ஆனால் எல்லோரும் அவர் மாதிரியே இருந்தால் வைரவன் மாதிரி ஒருத்தன் கடை போடவே முடியாது. விளையாடுகிறவனுக்குப் போனது ஒரு தீபாவளி. பணம் கைக்கு வந்துவிட்டது, பொங்கலுக்குள் வேறு கடையில் அதே கேசட்டையும் வாங்கிவிட்டார்கள். வைரவனுக்கு மட்டும்தான் திரும்பி வர எதுவும் இல்லை.

கடைசியில் கட்டட உரிமையாளர் கோதண்டபாணியிடம் கடைக்கு வைத்திருந்த அட்வான்ஸையும் திருப்பி வாங்கினான். அதை வாங்கினால் கடை போச்சு என்று அர்த்தம். தமிழ்நிலா வந்து பூத் வாசலில் நின்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "ரெண்டு விதம் கீதுன்னு இவருக்குத் தெரியாதாக்கா? கேக்கத் தோணலியா?" என்றாள். தெரியலம்மா என்றேன். பொய்தான்.

கடையைக் காலி செய்த அன்று மத்தியானம் பூத்துக்கு வந்தான். மேஜையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்தான். "பாய்க்கு ஒரு போன் போடணும்க்கா. அவரு மன்சு ஒடஞ்சு லெட்டர் போட்டுகிறாரு" என்றான். நான் நம்பரைச் சுழற்றிக் கொடுத்தேன்.

நிதானமாகப் பேசினான். வேளச்சேரியில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னான். ஏரித் தண்ணி தெருவில் நிற்கிறது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகவேண்டும் என்று சிரித்தான். அப்புறம் அவர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்ல பாய், உன் தப்பு இல்ல. நீ கேட்ட, நான்தான் பதில் சொல்லல." என்னைத் திரும்பிப் பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். "லைன் கட்டாயிடுச்சு பாய். யாரு இன்னா பண்ண முடியும்? லைன் கட்டாயிடுச்சு, அவ்ளோதான்."

நான் தட்டியதுதான் காரணம் என்று அவனுக்குத் தெரியாது என நினைத்திருந்தேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இத்தனை நாளும் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

வெளியே வந்தான். ஐந்நூறை அவன் பக்கம் தள்ளினேன். "வச்சுக்கோ வைரவா, வேணாம்."

"போர்டு நான் எழுதுனதுக்கா. எழுதுனவனே மீறலாமா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, காலில் விழுந்திருப்பேன். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தான். "பாஞ்சாலிக்கா" என்று அவன் எழுத்தில் இருந்த டப்பா. அதன்மேல் இன்னொரு ஐந்நூறு. "உன்னுதுதான் கடைசி. எல்லாருக்கும் குடுத்தாச்சு" என்றான்.

அதையும் வாங்கிக்கொண்டேன், போன் காசையும் எடுத்துக்கொண்டு மீதிச் சில்லறை கொடுத்தேன். நான்தான் தட்டினேன், என்னால்தான் இதெல்லாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சத்தெல்லாம் போய்ச் சேர்ந்த என் வாய் அன்றைக்குத் திறக்கவே இல்லை.