மல்லிகைப் பெட்டியும் இடம் மாறிய தேர்வும்

சர்வர் அறையைப் பூக்கடைக் குளிர்பெட்டியாகப் பயன்படுத்திய ஒரே கணினிப் பணியாளன் பினாங்கில் நானாகத்தான் இருப்பேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்துக்கு முதல் நாள் நடந்தது இது. ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரியின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை. பிரிண்டருக்கு மை மாற்றுவதும், பிளக்கைச் சொருக மறந்தவர்களுக்குச் சொருகிக் கொடுப்பதும்தான் என் நிபுணத்துவம். எங்கள் நண்பர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்குப் பூ வாங்கும் பொறுப்பும் என்னுடையது. வெயில் அன்று மண்டையைப் பிளந்தது. கட்டடத்திலேயே குளிரான இடம் எது என்று யோசித்தேன். மல்லிகைப் பெட்டிகளைத் தூக்கிப்போய் ஒரு சர்வரின் முகத்துக்கு நேராக அடுக்கினேன். ஜில்லென்ற காற்று அங்கேதான் வந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் குளிர்காற்று சர்வர் இழுத்துக்கொள்ளும் மூச்சு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று பிற்பகல் கல்லூரியில் கணினி வழித் தேர்வு. எழுதியவர்களில் என் மனைவியும் ஒருத்தி. கிளினிக் வேலை முடிந்து வந்து, சமைத்து, பிறகு புத்தகத்தோடு உட்காருவாள். அவளுடைய டிப்ளமோவின் கடைசித் தாள் அது. அதே தாளில் ஒருமுறை தோற்றிருந்தாள். இதுவும் போனால் படிப்பையே விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் தேர்வுக் கூடத்துக்குள் போனாள். போகும்போது, "எனக்கு ஒரு சரம் எடுத்து வைங்க, மறந்துடாதீங்க" என்றாள்.

தேர்வு பாதியில் இருந்தபோது சர்வர் அலறத் தொடங்கியது. சர்வர்களைக் கவனிக்கும் என் சக ஊழியை ஓடிவந்தார். சிம்பாங் அம்பாட் ஊர்க்காரர். வாய் நீளம், கை அதைவிட வேகம்.

"அண்ணே, இது என்னா? சர்வர் ரூமா, சாமி ரூமா?"

பெட்டிகளை அள்ளி வெளி வராந்தாவில் போட்டேன். ஆனால் மூச்சுமுட்டிச் சுழன்ற விசிறி ஒன்று அதற்குள் நின்றேபோயிருந்தது. சூடு ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினால் இயந்திரம் தானாக அணைந்துவிடும். எழுதி முடித்துச் சமர்ப்பிக்காத பதில்கள் எல்லாம் அதோடு போகும். என் மனைவியின் பதிலும்தான்.

"இன்னொரு சர்வருக்கு மாத்திடுறேன்" என்றார்.

"தேர்வை நிறுத்தச் சொல்லவா?"

"எதுக்கு? ஓடிக்கிட்டே போகட்டும்லா. நீங்க எதையும் தொடாம இருந்தா போதும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தேர்வை நடத்திய கணினி தனியான இரும்புப் பெட்டி அல்ல. அந்தப் பெரிய சர்வருக்குள் குடியிருந்த, மென்பொருளால் ஆன ஒரு கணினி. அதன் நினைவில் இருப்பதை எல்லாம், அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே, பக்கத்து சர்வருக்கு நகலெடுக்கலாம். அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் பாதிக் கடலில் போகும் ஃபெரிப் படகிலிருந்து எல்லாரையும் இன்னொரு ஃபெரிக்கு மாற்ற வேண்டும். ஒருவர் கையிலுள்ள தேத்தண்ணீர்கூடத் தளும்பக் கூடாது. அப்படி ஒரு காரியம்.

திரையில் பச்சைக் கோடு விறுவிறுவென்று நகர்ந்தது. முடியப்போகும் இடத்தில் நின்றுவிட்டது. எனக்கு உயிரே நின்றது.

"எழுதுறாங்கல்ல, எழுத எழுத உள்ள மாறுது. மாறினத மறுபடி அனுப்பணும். இது துரத்திப் பிடிக்கணும்ண்ணே."

அதாவது என் மனைவி எழுதுகிறாள், கணினி அவளைத் துரத்துகிறது. வேகமாக எழுது என்று காலையில் அவளுக்குப் புத்தி சொன்னவன் நான். இப்போது, கொஞ்சம் மெதுவாக எழுதேன் தாயே என்று வேண்டிக்கொண்டேன்.

உள்ளே நிற்க முடியாமல் தேர்வுக் கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு ஓடினேன். அவள் முதுகு தெரிந்தது, விசைப்பலகை மேல் விரல்கள் தெரிந்தன. திடீரென்று கையை எடுத்தாள். போச்சு என்று நினைத்தேன். கழுத்தைச் சொறிந்துகொண்டாள். மீண்டும் எழுதத் தொடங்கினாள்.

கைப்பேசியில் சக ஊழியையிடமிருந்து ஒரே சொல் வந்திருந்தது: "முடிஞ்சது."

என் மனைவி பாதி எழுதிய வாக்கியம் ஓர் இயந்திரத்தில் தொடங்கி இன்னொன்றில் முடிந்திருக்கிறது. கூடம் முழுவதும் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி நின்றேன். உடம்பு சிலிர்த்தது. கோயிலில் தீபாராதனை நேரத்தில் வரும் சிலிர்ப்பு.

தேர்வில் அவள் தேறினாள். நானும் சர்வர் அறைப் பக்கம் பூவோடு போவதில்லை. ஆனால் நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காலடியில் தரையையே யாரோ சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்ற நினைப்பு மட்டும் என்னைவிட்டுப் போகவே இல்லை.

அன்று தேர்வு முடிந்து கார் நிறுத்தத்துக்கு வந்தவளிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சூடு, விசிறி, பச்சைக் கோடு, நடுக்கடலில் ஃபெரி, தளும்பாத தேத்தண்ணீர். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். காரில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.

"சரி, பூ எங்க?"