எண்ணெய் ஊறிய துணிகள்

என் தவறுக்கான பழியை ஸ்டோர் காவல்காரர் சவரிமுத்து சுமக்கும்படி விட்டவன் நான்.

இலங்கையில் தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிளாக்கராக இருந்தேன். ஆபீஸ் மேசைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணிகளைச் சாக்கில் திணித்து, ரப்பர் ஷீட் ஸ்டோர் மூலையில் வைத்தேன். மறுநாள் பகலில் ஸ்டோர் கூரையிலிருந்து வெண்மையாக ஏதோ எழுந்து மரங்களுக்குள் மெல்ல மிதந்தது. மழைக்குப் பின் வரும் மூடுபனி என்று நினைத்து, கனவு காண்பவனைப் போலப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு அழகாக இருந்தது.

ஸ்டோர் எரிந்து போனது. சவரிமுத்துவின் பீடிதான் காரணம் என்றார்கள்.

“தவக்காலம்ங்க ஐயா. சாமிக்கு நேந்து பீடிய விட்டுட்டேன்,” என்றார் அவர்.

“சாம்பிராணி போதலன்னு ஸ்டோரையே கொளுத்திட்டியா?” என்று யாரோ சிரித்தார்கள்.

எண்ணெய் ஊறிய துணி குவிந்து கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்று படித்தவன் நான். வாய் திறக்கவில்லை. அவரைக் காவலிலிருந்து நீக்கிப் புல்வெட்டும் வேலைக்கு அனுப்பினார்கள்.

ஒரு மாதம் கழித்துத் தோட்ட மேலாளரான துரையிடம் உண்மையைச் சொன்னேன். துரை சவரிமுத்துவைக் கூப்பிட்டு, புது ஸ்டோரின் சாவியை நீட்டினார். சவரிமுத்து அதை வாங்காமல் என் பக்கம் திரும்பினார்.

“கோயில்ல சொல்லுங்கய்யா. நேந்தத மீறினவன் பொண்டாட்டின்னு என் வீட்டுக்காரிய அங்கதான் பேசுறாங்க.”

ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லார் முன்னும் சொன்னேன். சவரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி என்னைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.