வாவியில் திரும்பி வந்த மஞ்சள்

சித்திரம் படிக்கப் போன இடத்தில் என் கண்ணை விட்டு நிறங்கள் போய்விட்டன. அவை திரும்பி வந்த கதையைச் சொல்லத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் குருக்கள்மடம். மட்டக்களப்பில் விடுதியில் தங்கிச் சித்திர ஆசிரியையாகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். மலேரியா வீடு வீடாகப் புகுந்த வருடம் அது. என்னையும் பிடித்தது. கொயினா மருந்து குடித்தேன், காய்ச்சல் விட்டது. ஆனால் எழுந்து பார்த்தால் உலகமே சாம்பலாகக் கிடந்தது. ஜன்னலோரத்துச் செவ்வரத்தம்பூ கரித்துண்டு போல் இருந்தது.

"மருந்து கண் நரம்பைத் தாக்கியிருக்கு. நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார் டொக்டர்.

கனவில் மட்டும் நிறம் வந்தது. மட்டக்களப்பு வாவி முழுக்கப் பச்சையும் நீலமுமாக மிதக்கும். கையை விட்டால் விரலில் ஒட்டும். விழித்தால் ஒன்றும் இராது. "ஆண்டவரே, எல்லாம் வேண்டாம், ஒரே ஒரு நிறம் தாரும்" என்று அழுதேன். பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்விடலாம் என்று தூரிகைகளைக் கட்டினேன்.

என்னோடு படித்த தங்கம் அந்தத் தூரிகைக் கட்டைப் பிடுங்கி அவிழ்த்தாள்.

"எங்ககா போறாய்? எனக்கு ஒளியும் நிழலும் வருகுதில்ல. உனக்கு இப்ப அது மட்டும்தானே தெரியுது. எனக்குக் காட்டித் தா. நிறத்த நான் சொல்லித் தாறன்."

அன்றிலிருந்து கரியால் வரைந்தேன். ஒரு குடத்தின் வளைவில் வெளிச்சம் எப்படி மெல்ல மெல்ல இறங்கி இருளாகிறது என்று முதல்முறையாகக் கண்டேன். முன்பு வர்ணம் பூசி மறைத்த பிழைகளெல்லாம் வெளியே வந்தன. வாவிக்கரைக் களிமண்ணைக் கல் பொறுக்கிப் பிசைந்து உருவம் செய்தேன். மரப்பலகையில் அச்சு செதுக்கினேன். கைக்குத் தொழில் வந்தது. ஜெபத்தை மட்டும் விடவில்லை.

அறுவடை விடுமுறைக்கு அக்கா என்னைக் கூட்டிப்போக வந்தாள். வவுணதீவுப் பக்கம் அத்தானுடைய வயல் வட்டைக்குத் தோணியில் போனோம். விடிந்தும் விடியாத நேரம். தண்ணீரும் வானமும் ஒன்றாகக் கிடந்தன. நாங்கள் எதன் மேல் போகிறோம் என்றே தெரியவில்லை. நான் உதடு அசையாமல் ஜெபித்துக்கொண்டிருந்தேன். எதிரே அக்காவின் தோளில் ஏதோ மெல்லக் கனிவது போல் இருந்தது.

"அக்கா, உன்ட சீலை மஞ்சளா?"

"ஓம். ஏன் புள்ள?"

நான் அந்தச் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள்.

பச்சையும் நீலமும் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. சிவப்பு இன்றைக்கும் எனக்குச் சற்று வெளிறித்தான் தெரிகிறது. அப்படியே பரீட்சை எழுதினேன். தங்கமும் நானும் சித்தியடைந்தோம். இப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முதலில் கரித்துண்டைத்தான் கொடுக்கிறேன்.

ஒரு நிறம் கேட்டேன். பதில் இல்லை என்று நான் அழுத நாட்களிலேயே, எனக்குக் கேட்கத் தெரியாத ஒரு பார்வையையும் ஆண்டவர் தந்துகொண்டிருந்தார். உங்களில் யாருக்காவது இன்று எல்லாம் சாம்பலாகத் தெரிந்தால், கையில் இருக்கும் வேலையை விடாமல் அவரிடம் கேளுங்கள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.