பழைய ஃபவுண்டரிக்குப் பொருந்தாது

தொண்ணூறுகளின் கடைசியில், கோவை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அந்த அதிகாரியைச் சந்தித்தேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பேசும்போதெல்லாம் மேசைமேல் இருந்த காகிதங்களைத் தட்டித் தட்டி ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டை ஒட்டியிருந்த, இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியின் தூசியால் அம்மாவுக்கு ஓயாத இருமல். மூச்சோடு உள்ளே போகும் நுண்ணிய தூசிக்கும் வரம்பு வைத்து உரிம விதிகளைத் திருத்தியிருப்பதாகச் செய்தித்தாளில் படித்தேன். உடனே நானே மனு எழுதிக் கொண்டுபோனேன். எங்கள் குடும்பத்தில் மனு எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்.

அவர் அதை முழுக்கப் படித்தார்.

"புது விதி புதுசா உரிமம் வாங்கறவங்களுக்குத்தானுங்க அம்மணி. அந்த ஃபவுண்டரி பழசு. அதுக்குப் பழைய விதிதானுங்க."

"பழைய ஃபவுண்டரித் தூசி நெஞ்சுக்குள்ள போகாதுங்களா சார்?"

அவர் கோபப்படவில்லை. "அதை விதியில எழுதலீங்களே" என்றார். மனுவைத் திருப்பிக் கொடுத்து, "கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்க. எந்தக் காலேஜுங்க?" என்று கேட்டார். அது கேலியா, பரிவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஆபீசர் என்ன சொன்னாருங் கண்ணு?" என்றாள்.

"நல்லா எழுதியிருக்கேன்னு சொன்னாரும்மா."

அம்மா இருமிக்கொண்டே போய் அதை எங்கள் வளவில் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள்.