மேனேஜர் மலையேறிய நாள்

திண்டுக்கல்லில் அந்த லாரி புக்கிங் ஆபீசில் கணக்கராகச் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் அந்தோணிசாமி டெலிபோனில் கத்திய கத்தலில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். டைப்பிஸ்ட் ஸ்டெல்லா மட்டும் விரலை நிறுத்தாமல், “உக்காருங்க சார். சாமியாடுறாரு. செத்த நேரத்துல மலையேறிருவாரு” என்றாள்.

எல்லாக் கோபமும் சாமியாட்டம் ஆகாது. உம்மென்று இருப்பவர் சாமியாடுவதில்லை. சத்தம் வேண்டும், கைகால் ஆட வேண்டும், முடிந்ததும் என்ன பேசினோம் என்பது அவருக்கே நினைவிருக்கக் கூடாது. எங்கள் மேனேஜருக்கு மூன்றும் பொருந்தின. அடங்கினால் மலையேறிவிட்டார் என்போம். சர்ச்சுக்குப் போகிறவருக்கு இந்தச் சொல்லா என்றால், சொல்லை ஆரம்பித்த ஸ்டெல்லாவும் சர்ச்சுக்குப் போகிறவள்தான். அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பது என் தினசரிக் கவலை.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றிக் கேரளாவுக்குப் போன லாரி, ஆக்சில் உடைந்து வழியில் நின்றது. அந்த வெயிலில் சாயங்காலத்துக்குள் சரக்கு கூழாகிவிடும். மேனேஜர் போனில் ஆடித் தீர்த்து, மாற்று லாரியைக் கிளப்பிவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனார். அந்நேரம் பார்த்துச் சரக்குக்குச் சொந்தக்காரரான சுப்பிரமணி போனில் கூப்பிட்டு, மேனேஜர் எங்கே என்று கேட்டார்.

“இப்பத்தான் மலையேறுனாரு” என்றாள் ஸ்டெல்லா, பழக்க தோஷத்தில். லைன் அறுந்தது.

அடுத்த பஸ்ஸில் சுப்பிரமணியே வந்து மேசையைத் தட்டினார். “ஏனுங்க, என்ற தக்காளி ரோட்டுல அழுகுது, உங்காளு கொடைக்கானலுக்குக் காத்து வாங்கப் போயிட்டாருங்களா? இனி ஒரு கூடை உங்களுக்குக் கெடையாதுங்க!” அந்தக் கூச்சலிலும் ஒரு ‘ங்க’ குறையவில்லை.

மேனேஜர் டீ கிளாசோடு வந்தார். “இங்கதானய்யா இருக்கேன். உம்ம தக்காளி வேற லாரியில போய்க்கிட்டிருக்கு.”

“மலையேறிட்டாருன்னு அந்த அம்முணி சொல்லுச்சுங்களே?”

“நான் எப்ப ஸ்டெல்லா மலையேறுனேன்?”

ஸ்டெல்லா டைப்ரைட்டரைப் பார்த்தே பேசினாள். “சாமியாடுனா… மலையேறணும்ல சார்.”

சுப்பிரமணி குறுக்கே புகுந்தார். “கோவம் எறங்குனதுக்கு ஏறிட்டாருன்னு சொன்னா எனக்கு எப்படிங்க வெளங்கும்?”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “இன்னைக்கு எத்தன ஆட்டம்யா?”

“மூணு சார்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“நாலு. காலையில வாசல்ல பால்காரன்கிட்ட ஆடுனத விட்டுட்டீரு. நீரெல்லாம் ஒரு கணக்கரு!”

சுப்பிரமணியின் சரக்கு எங்களிடமே நின்றது. அதன்பின் அவர் போனில் முதலில் கேட்பது, “சாமி மலையேறிருச்சுங்களா?” என்றுதான்.

புதிதாக வேலையில் சேருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஆபீசுக்குள் புழங்கும் சொல்லைப் போனில் விடாதீர்கள். மேலதிகாரியின் ஆட்டத்தை எண்ணுவதானால் வாசலிலிருந்தே எண்ணுங்கள்.