நாகலிங்கத்தாரின் வேலி

கிராமச் சங்கத்தில் நான் கிளாக்கராகப் பொறுப்பெடுத்த அன்றைக்கே கூட்டம். நீர்வேலிப் பக்கத்துச் சிறிய ஊர் அது. எதிர்த்தரப்பில் வாழைத் தோட்டக்காரர் நாகலிங்கத்தாரும் இன்னும் இரண்டு பேரும். மிச்ச அங்கத்தவர் எல்லாரும் தலைவரின் ஆட்கள்.

தலைவர் தொடங்கினார். "அரசாங்க ஏசண்டர் துரை தை மாசம் வாறார். சந்தியிலை ஒரு வரவேற்பு வளைவு இல்லாட்டி எங்கடை ஊருக்கு என்ன மரியாதை?"

"துரை வந்தால் போயிடுவார். வெள்ளம் வந்தால் போகாது," என்றார் நாகலிங்கத்தார். "மாரிக்கு முதல் வாய்க்காலை வெட்டுங்கோ, மதகைத் துப்பரவாக்குங்கோ. பிறகு வளைவைப் பற்றிக் கதைப்பம்."

ஒவ்வொரு கூட்டத்திலும் அவருக்கு இதே பேச்சுத்தான். தலைவர் அவருக்கு 'மதகர்' என்று பட்டம் சூட்டினார். நானும் சிரித்தேன். தலைவர் சிரித்தால் கிளாக்கரும் சிரிக்க வேண்டும், உத்தியோகம் அப்படி.

வளைவு எழும்பியது. அந்த மாரியில், வாய்க்காலோடு போகும் சின்ன ஒழுங்கையின் பள்ளத்தில் குடியிருந்த செல்லையா அண்ணையின் வீட்டுக்குள் வெள்ளம் ஏறியது. சுருட்டுச் சுற்றிப் பிழைத்த மனிதர். வாங்கி வைத்த புகையிலைச் சிப்பம் எல்லாம் ஊறி நாறிப் போயிற்று. நாகலிங்கத்தார்தான் மண்வெட்டியோடு வந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று மதகின் அடைப்பை எடுத்துவிட்டார். அடுத்த முறை அவர்தான் தலைவர் என்று சந்தையிலும் கோயில் வீதியிலும் ஒரே கதை. அவருக்குக் கீழே வேலை செய்ய எனக்கும் ஆசை பிடித்துவிட்டது.

தேர்தல் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. நாகலிங்கத்தார் எழும்பி உள்ளதைச் சொன்னார். வருசா வருசம் வேலி அடைக்கும்போது கதியாலை, அதாவது வேலித் தடியை, ஒரு சாண் வெளியே தள்ளி நடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். அப்படி அரக்கி அரக்கி, வெள்ளவாய்க்காலில் பாதி எங்கள் வளவுகளுக்குள் போய்விட்டிருந்தது.

"நாங்கள் வந்தால் எல்லாரும் வேலியைப் பழைய இடத்துக்குத் தள்ளவேணும். முதலிலை என்ரை வேலி."

கை உயர்த்தச் சொன்னபோது அவருக்காக எழும்பியவை சில கைகள்தான். செல்லையா அண்ணையின் கை மடியிலேயே கிடந்தது.

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணை, நீங்களுமோ?"

"அந்தாள் நல்லவர், ஓம்," என்றார் தலையைக் குனிந்தபடி. "ஆனால் வாய்க்கால் கரையிலை இருக்கிறது என்ரை தங்கச்சியின்ரை சீதன வளவு எல்லோ, தம்பி. அந்த வேலியைத் தள்ளச் சொல்லி நான் எப்பிடிக் கை உயர்த்திறது?"

அந்தக் கிழமையே நாகலிங்கத்தார் தன் வேலியைப் பிடுங்கி உள்ளே நட்டுக்கொண்டிருந்தார்.

"தோத்த பிறகும் ஏன் ஐயா தள்ளுறியள்?"

"சொன்னதைச் செய்யிறதுக்கு வெல்லவேணும் எண்டு ஆர் சொன்னது?"

அவர் இப்போது இல்லை. நானும் பென்சன்காரன். மழை நாளில் குடையோடு அந்த ஒழுங்கைக்குப் போவேன். அவருடைய வளவின் நீளத்துக்குத் தண்ணீர் சளசளவென்று ஓடும். அடுத்த வளவின் மூலையில் முட்டி நின்றுவிடும். ஒரேயொரு தவணை அந்த மனிதருக்குக் கீழே வேலை செய்யக் கிடைக்கவில்லையே என்று அங்கே நின்று ஏங்குவேன்.

இளம் கிளாக்கர்மாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஊரைத் திருத்த வந்திருக்கிறேன் என்று ஒருவர் உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றால், முதலில் அவருடைய வேலியைப் போய்ப் பாருங்கள்.