ஐந்தாவது வரிசையில் வெறுங்கால்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. மூட்டை தூக்கிப் பிழைத்தவன் நான். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துப் பழகினேன், கதை கட்டத் தெரியாது. 1956, பெரிய வெள்ளி, ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரம். என் பிடரிக்குப் பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் கோயில் சப்பரத்தைத் துறைமுகத்து ஆட்கள் முப்பத்தைந்து பேர் தூக்குவோம். மேலே சிலுவை சுமக்கும் இயேசு, முந்நூறு வருடத்து மரச் சுரூபம். நிஜத் தலைமுடி. தரைவரை வெல்வெட் அங்கி. உடுத்திவிடுகிறவர்களைத் தவிர அதன் பாதத்தைக்கூட யாரும் பார்த்ததில்லை. கீழே, திரைக்குள், இருட்டில் நாங்கள். ஒரே உயரமுள்ள ஐந்து பேர் ஒரு வரிசை. குறுக்குக்கட்டை பிடரியில் உட்காரும். ஒருவன் விலகினால் அவன் பாரம் பக்கத்துக் கழுத்தில் ஏறும்.

நான் ஐந்தாவது வரிசை. எனக்கு வலப்பக்கம் எலாதியோ, என் தங்கை கசில்டாவின் புருஷன். காய்ச்சல், நெஞ்சுச்சளி. பிள்ளை பிழைத்ததற்கு நேர்ந்துகொண்டேன் என்று பிடிவாதமாக வந்திருந்தான்.

“அண்ணே, உயிரோட கொண்டுவந்து விடு. இல்லேன்னா என் வாசப்படி மிதிக்காதே” என்று கசில்டா காலையிலேயே சொல்லிவிட்டாள். கோணியைச் சுருட்டி, நீல நூலால் தைத்து, அவன் பிடரிக்குச் சும்மாடு செய்துகொடுத்தவள் அவள்தான்.

மாலை 5.10. மேஸ்திரி உர்பானோ முன்னாலிருந்து சுத்தியலால் தட்டினார். டக்... டக்... டக். மூன்றாவது தட்டுக்கு முப்பத்தைந்து பேரும் ஒரே துள்ளலில் நிமிர்ந்தோம்.

கொஞ்ச தூரம் போனதும் எலாதியோவின் இருமல் மாறியது. ஈரமாக...

“மாப்ளே, ரத்தமா?”

“வேர்வை, மச்சான்.”

“பொய் சொல்லாதே. அடுத்து இறக்கினதும் வெளியே போ.”

“உன் கழுத்து ஒடிஞ்சிரும். நேர்த்திக்கடன் வேற...”

“மீதியை மேல இருக்கிற அவரே பாத்துக்குவாரு. போடா.”

5.25. சப்பரம் இறங்கியது. திரையைத் தூக்கிக்கொண்டு நழுவினான். சும்மாடு கட்டையிலேயே கிடந்தது.

டக்... டக்... டக்.

பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். பாரம் கூடவில்லை.

குறைந்திருந்தது.

“யார்றா அது? சாமியை இறக்கி வச்சுட்டு வெறும் சப்பரத்தைத் தூக்கச் சொன்னது?” பின்வரிசையில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. என் வலத்தோளில் ஒரு தோள் உரசியது. சரியாக என் உயரம்.

“எலாதியோ?”

சுற்றிலும் அத்தனை பேரும் மூச்சு வாங்கினார்கள். அந்தப் பக்கம் மட்டும் மூச்சே இல்லை. சட்டையைத் தாண்டிக் குளிர் ஏறியது. பழைய மர வாசனை... சாம்பிராணி...

திரைக்கடியில் கொஞ்சம் வெளிச்சம். கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன். எங்கள் கயிற்றுச் செருப்புகளுக்கு நடுவே ஒரு வெறுங்கால்.

சுண்டுவிரல் இல்லை.

டொக்... டொக்... மரம் கல்லில் படுகிற சத்தம்.

“யாரு?”

டொக்.

6.40. கோயில் வாசல். சப்பரத்தை இறக்கினோம். கையை நீட்டித் துழாவினேன்.

யாரும் இல்லை. சும்மாடும் இல்லை.

ஓடினேன். எலாதியோ வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். வாசலில் கசில்டா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறு மாதம் படுத்துக்கிடந்து எழுந்துவிட்டான். நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துச் சுரூபத்தைப் பழுதுபார்க்க எடுத்தார்கள். தூக்கிப்போக என்னைக் கூப்பிட்டார்கள். அங்கியைக் கழற்றினார்கள். உள்ளே உடம்பே இல்லை, வெறும் மரச்சட்டம். தலை, கழுத்து, கை, பாதம் மட்டும் செதுக்கியிருந்தது.

இடப் பாதத்தில் சுண்டுவிரல் இல்லை.

பழுதுபார்ப்பவர் தலைமுடியை எடுத்தார். பிடரியில் ஒரு விரல் ஆழத்துக்கு மரம் அமுங்கியிருந்தது.

“இது என்ன கூத்து?” என்று ஏழு வருடத்துக்கு முந்தைய போட்டோவைத் தேடி எடுத்தார். அதில் பிடரி வழவழப்பாக இருந்தது. “சிலுவை தோள்லதானே இருக்கு? இங்க யாரு பாரத்தை ஏத்தினது?”

குழிக்குள் ஏதோ சிக்கியிருந்தது. இடுக்கியால் மெல்ல இழுத்தார்.

கொஞ்சம் கோணி நார்.

அதோடு ஒரு துண்டு நீல நூல்.